மலை வாத்தியார்

இமயமலைக்குப் போய்த் திரும்பியவரிடம் நம் ஊரில் யாவரும் கேட்கும் கேள்வி ஒன்றேதான். "உச்சி வரையில் ஏறினீர்களா?" என்பதே அது. பள்ளிக்கூட வாசலில் வேர்க்கடலை விற்கும் பாட்டி முதல் தலைமை ஆசிரியர் வரையில் கேட்டாகிவிட்டது. "இல்லை, பாதி வழியில் இறங்கிவிட்டோம்" என்று நாம் பதில் சொன்னதும், பரீட்சையில் தவறிய பையனைப் பார்ப்பது போல் நம்மைப் பார்த்து, "அதனால் என்ன? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தேற்றிவிட்டுப் போகிறார்கள். வருஷந்தோறும் எத்தனையோ பையன்களுக்கு அந்த வார்த்தையையே சொல்லி வரும் நமக்கு, அதைப் பிறர் வாயிலிருந்து கேட்பது புது அநுபவந்தான். ஆனால் இந்த விஷயத்தில் அநுதாபம் அநாவசியம். பாதியில் இறங்கியதே அந்தப் பிரயாணத்தில் நாம் அடைந்த பெரிய லாபம். அது எப்படி என்பதைச் சொல்லுகிறோம். கேட்டபின் நேயர்களே தீர்ப்புக் கூறட்டும்.

நாம் புறப்பட்டது சிக்கிம் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியிலுள்ள கோச்சலா என்னும் கணவாயை நோக்கி. கூட வந்தவன் நம் தம்பி. வேறு ஊர்களிலிருந்து வந்த ஆறு பேரும் எங்கள் கோஷ்டியில் சேர்ந்திருந்தார்கள். யுக்ஸம் என்னும் சிற்றூரிலிருந்து நடை தொடங்குகிறது. 1642-ஆம் வருஷத்தில் சிக்கிமின் முதல் மன்னருக்கு முடி சூட்டிய இடம் அது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5,800 அடி; நம் கொடைக்கானலைவிடத் தாழ்வுதான். அங்கிருந்து சோக்கா சுமார் 10,000 அடி. அதற்கப்பால் ஜோங்ரி சுமார் 13,000 அடி. கோச்சலாக் கணவாயோ 16,000 அடிக்கு மேல். நீலகிரியில் செக்கச் செவேலென்று பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தின் பங்காளிகள் வழி நெடுகக் காடாக நிற்கின்றன. மூட்டை முடிச்சுக்களை எருமைக்கும் பசுவுக்கும் இடைப்பட்டாற்போன்ற மலைமாடுகளும், அவற்றுக்குச் சளைக்காத மனிதர்களும் சுமந்து வருகிறார்கள்.

ஜோங்ரியின் மேட்டில் விடியற்காலையில் நின்றால் காஞ்சன்ஜங்கா தெரியும். 28,169 அடி உயரம். உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரம். சிக்கிம் மக்களுக்கு அது மலை மாத்திரம் அன்று, தெய்வம். 1955-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி ஜார்ஜ் பாண்ட், ஜோ பிரௌன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் முதன்முதலில் அதில் ஏறினார்கள். ஏறியவர்கள் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். 'தெய்வத்தின் தலையில் கால் வைப்பதில்லை' என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். அவர்கள் மலையை ஜயிக்கவில்லை என்று இதுவரையில் யாரும் சொன்னதில்லை.

இனி, காற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வாத்தியார் தொழிலின் வாசனை விடாதல்லவா? உயரே போகப் போகக் காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தந்தான் குறைகிறது. 18,000 அடி உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதில் பாதிதான். அதாவது, அதே மூச்சை இழுத்தாலும் உள்ளே போகும் சரக்குப் பாதி. நம் தேகம் இதற்கு மெல்ல மெல்ல வழி தேடிக்கொள்ளும், மூச்சு விரைவுபடும், இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பெருகும். ஆனால் அதற்குச் சில நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். 10,000 அடிக்கு மேல் போனபின், இரவு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்குச் சுமார் 1,600 அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் வைத்தியர்கள் வகுத்த விதி. சோக்காவிலிருந்து ஜோங்ரிக்கு ஒரே நாளில் 3,000 அடி ஏறுகிறபடியால், ஜோங்ரியில் ஒரு நாள் முழுவதும் தங்குவது வழக்கமாயிருக்கிறது. அவகாசம் கொடுக்காவிட்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தேகம் விண்ணப்பம் போடும். அதையும் கவனியாவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். இந்த நோய் பலசாலி, பலவீனன் என்று பார்ப்பதில்லை. நாள்தோறும் ஐந்து மைல் ஓடுகிறவனையும் பிடிக்கும்.

எங்கள் வழிகாட்டிக்கு வயது இருபத்தாறு. நம்மிடம் படித்த பையன்களில் பலருக்கு அதைவிட அதிகம். டார்ஜீலிங்கில் 1954-ஆம் வருஷத்தில் ஏற்படுத்திய ஹிமாலய மலையேற்றக் கல்விச் சாலையில் இருபத்தெட்டு நாள் பயிற்சி பெற்றவர். எவரெஸ்டில் முதன்முதல் ஏறிய டென்ஸிங் நார்கே, அந்தக் கல்விச் சாலையில் முதல் பயிற்சித் தலைவராக இருந்தார் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். நம் வழிகாட்டி அதிகம் பேசுகிறவர் அல்லர். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார். நேபாளி பாஷையில் 'மெதுவாக' என்று பொருள். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார். ஒவ்வொருவரையும், தலைவலி உண்டா, பசி எடுத்ததா, தூக்கம் வந்ததா, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்பார். விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். இருபது வருஷமாக ஆஜர்ப் பட்டியல் எடுத்து வந்த நாம், அங்கே கை கட்டி "உள்ளேன், ஐயா" சொல்லும் நிலைமைக்கு வந்தோம்.

நம் தம்பிக்கு முப்பத்தாறு வயது. வங்கி உத்தியோகம். மேற்சொன்ன ஐந்து மைல் ஓட்டக்காரன் அவன்தான். ஜோங்ரிக்கு வந்த அன்றே அவனுக்குத் தலைவலி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கிறான். தங்கும் நாளன்று பகலில் சாப்பாட்டைத் தொடவில்லை. இரவு ஏழரை மணிக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வழிகாட்டி வந்தார், விரலில் கருவியை மாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்துப் போய், தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் மற்றக் காலின் விரல் படும்படி நேராக நடக்கச் சொன்னார். நாலு அடி வைப்பதற்குள் தம்பி கள் குடித்தவன் போல் பக்கவாட்டில் சாய்ந்தான்.

"இப்பொழுதே இறங்க வேண்டும்" என்றார் வழிகாட்டி.

"அண்ணா, நீங்கள் சொல்லுங்கள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமே! ஒரு வருஷமாக லீவு சேர்த்து வைத்து வந்திருக்கிறேன்" என்று தம்பி நம்மைப் பார்த்துக் கெஞ்சினான். அவன் பேச்சுக் குழறியது.

நேயர்களே, அந்த நிலைமையை எண்ணிப் பாருங்கள். காரிருள். வழியெல்லாம் உறைந்த சேறு. பகலில் போவதற்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கும் இறக்கம். விடியும் வரையில் காத்திருப்பதுதான் புத்தி என்று, படித்தவர் யாரும் சொல்வார்கள். நாமும் வழிகாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். அவர் நமக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்குத் தக்கபடி, நிறுத்தி நிறுத்தி, "ஸார், இப்பொழுது இவர் நடக்கிறார். காலையில் நடக்கமாட்டார்" என்றார். அவ்வளவுதான். பிறகு விவாதத்துக்கு அவர் நிற்கவில்லை. தம்பியின் மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். மற்ற ஆறு பேரையும் உதவி வழிகாட்டியிடம் ஒப்புவித்தார்.

இரவு ஒன்பது மணிக்கு நாலு பேர் கிளம்பினோம். முன்னே விளக்கும் சிறு பிராணவாயுக் குடுவையுமாக வழிகாட்டி; அவருக்குப் பின்னால் தம்பி; அவன் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, அதன் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுமைக்காரர்; கடைசியில் நாம். அந்தச் சுமைக்காரருக்கு நம் வயதுக்கு மேலேயே இருக்கும். எங்களுடைய கனத்த ஜோடுகளுக்கு முன்னால் அவர் காலில் இருந்தது சாதாரணக் கான்வாஸ் ஜோடு. தம்பி வழுக்கிய போதெல்லாம் அவர் கால் ஊன்றி நின்றார். பெதாங் என்னும் இடத்தைத் தாண்டும் வரையில் தம்பி, "எங்கே போகிறோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் சுமைக்காரர், முதல் தடவை கேட்டவர் போல், "சோக்காவுக்கு, பாபு" என்று பதில் சொன்னார். ஏழு மணி நேரம் சென்றது. சோக்காவின் முதல் குடிசை தெரிந்த சமயத்தில் தம்பியின் கேள்வி மாறியது. "டீ கிடைக்குமா?" என்று கேட்டான். நம் ஆயுளில் அவ்வளவு இனிய வினாவை எந்த மாணவனிடமும் நாம் கேட்டதில்லை.

பிற்பாடு ஊரில் வைத்தியர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது என்றும், கீழே இறங்கியதே மருந்து என்றும் சொன்னார். 3,000 அடி இறங்கியதில் உயிர் திரும்பிவிட்டது. துணியைப் பிடித்து வந்த சுமைக்காரரின் பெயரைத் தம்பி மறுநாள் காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அந்தப் பெயர்களைப் பற்றியே அன்று முதல் நமக்கு யோசனை. இமயமலையை அளந்த வேலை நம் சென்னைக்கு அருகே பறங்கிமலையடியில் 1802-ஆம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. லாம்டன் என்ற துரை போட்ட முதல் கோடு அது. அவருடைய அளவுக் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. அதைத் தேசம் முழுவதும் தூக்கிப் போனவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 1852-இல் உலகத்திலேயே உயர்ந்த சிகரம் இன்னது என்று கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. சிகரத்துக்குப் பெயராய் அமைந்தவரோ, 1843-லேயே உத்தியோகத்திலிருந்து விலகிய எவரெஸ்ட் துரை!

மலையேற்றத்தின் சரித்திரமும் இப்படித்தான். 1922-ஆம் வருஷம் எவரெஸ்டில் பனி சரிந்து ஏழு சுமைக்காரர்கள் மாண்டார்கள், துரைமார்கள் தப்பினார்கள். 1939-இல் கே-2 சிகரத்தில் டட்லி உல்ஃப் என்ற அமெரிக்கர் உயரத்தில் தனியே அகப்பட்டுக்கொண்டார். அவரைக் கீழே கொண்டு வருவதற்காகப் பஸாங் கிகுலி என்னும் ஷெர்பா வீரர் தோழர்களுடன் மேலே போனார். அவரும் இரண்டு தோழர்களும் திரும்பவே இல்லை. அவர்களுக்கு உச்சியில் ஆசையில்லை. ஒரு மனிதனை இறக்கிக் கொண்டுவரவே ஏறினார்கள். 1951-இல் ஜார்ஜ் ஃபிரே என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் சிக்கிம் பக்கத்துக் கோக்தாங் மலையில் ஏறினார். முட்சட்டங்களை ஜோடுகளில் மாட்டிக்கொள்ளும்படி உடனிருந்த டென்ஸிங் கூறினார். "வேண்டியதில்லை" என்றார் ஃபிரே. சற்று நேரத்தில் நழுவி விழுந்து உயிர் துறந்தார். வழிகாட்டியின் வார்த்தைக்கு விலை இன்னதென்று இதைவிடத் தெளிவாய்க் கூற முடியாது.

2014-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி எவரெஸ்டின் கும்புப் பனியருவியில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் பனிச் சரிவில் இறந்தார்கள். பிறர் ஏறுவதற்கான வழியைச் சித்தம் செய்யும் வேலையில் போனவர்கள் அவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசாங்கம் முதலில் கொடுக்க முன்வந்தது 40,000 நேபாள ரூபாய். மற்ற ஷெர்ப்பாக்கள் வேலையை நிறுத்திக் கீழே இறங்கினார்கள். அந்த வருஷம் அந்தப் பக்கத்து மலையேற்றம் ஏறக்குறைய நின்றே போயிற்று. சுமக்கிறவர் இறங்கிவிட்டால் ஏறுகிறவர் ஏற முடியாது என்பது அப்பொழுது உலகத்துக்கு விளங்கியது.

இப்பொழுது நம் நாட்டு வாலிபர்களும் பெண்களும் விடுமுறை தோறும் இமயமலைக்குப் போகிறார்கள். இது மிகவும் சந்தோஷிக்கத் தக்க விஷயம். 1984-இல் பசேந்திரி பால் அம்மையார் எவரெஸ்டில் நின்ற தேசத்தில் நம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பானேன்? தாராளமாய்ப் போகட்டும். ஆனால் பணம் கட்டுமுன் பெற்றோர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வழிகாட்டி எங்கே பயின்றவர்? தங்கும் நாட்கள் எத்தனை? ஒருவர் நோயுற்றால் அவரை இறக்குவதற்குத் தனி ஆள் உண்டா? சுமைக்காரர்களுக்கு நல்ல ஜோடும், கம்பளியும், இன்ஷியூரன்ஸும் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர்களிடம் நம் குழந்தைகளை ஒப்படைப்பது உசிதமன்று. தம்மைச் சுமக்கிறவனைக் காப்பாற்றாதவர், தம்மிடம் வருகிறவனை எப்படிக் காப்பாற்றுவார்?

புறப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வழிகாட்டி "மெதுவாக" என்றால் மெதுவாக நடவுங்கள். தலைவலி என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் "இறங்கு" என்றால் இறங்குங்கள். "ஏன்?" என்று கேட்கத் தோன்றும், கேளுங்கள், கீழே வந்து சேர்ந்த பிறகு.