மின்னேரியாக் குளக்கரையில்

மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆகஸ்ட், செப்டெம்பரில் நீர் வற்ற, அங்கே பசும்புல் முளைக்கும். அதை நாடி யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும்.

மாணவர்களோடு கரையில் நின்றேன். முன்னே வந்த முதிய பெண் யானை நின்றது. பின்னால் வந்த குட்டிகளும் நின்றன. மூத்தவற்றோடு நடந்தே குட்டிகள் வழியைப் பழகுகின்றன. நமது செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் அவை தொலைவிலிருந்தும் பேசிக்கொள்கின்றன.

ஆனால் 2018இல் மொரகஹகந்த நீர் திறந்துவிடப்பட்ட பின், சில ஆண்டுகளில் கோடையிலும் குளம் நிரம்பியே நின்றது, புல் மூழ்கிப்போனது. பழகிய வழியே வந்த யானைகள் பசியோடு திரும்பின.

வயலுக்கும் நீர் வேண்டும்தான். அந்த இரண்டு மாதங்களேனும் அவற்றின் புல்லை விட்டுவைக்கலாகாதா? சிந்தியுங்கள்.