ஓசை கொடுத்த நாயகி

சென்னையில் மகன் வீட்டில் வசிக்கும் ஒரு பாட்டிக்குப் பேரனைப் பற்றிய கவலை. ஐந்து வயதுப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகியும் அவன் வாய் திறக்கவில்லை. வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். அடுத்த வீட்டுப் பெண் அதற்குள் சரளி வரிசையை முடித்து ஜண்டை வரிசைக்குப் போய்விட்டாள் என்பதை வீட்டார் நாள்தோறும் அவனுக்கு நினைவூட்டினர். ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. "கீதம் எப்போது, மேடை எப்போது?" என்று பெற்றோர் அவசரப்படுத்தினால் அவர்தாம் என்ன செய்வார்?

ஒரு ஞாயிறன்று குடும்பத்தார் பொன்னேரி அகத்தீசுவரரைத் தரிசித்து, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சென்றனர். பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்தை அடைந்தால் ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக் கடல். கரைவலை இழுக்கும் நேரம் அது. இரு கயிறுகளையும் பற்றி இரு வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற முதியவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலாய் அதை வாங்கிக் கொண்டார்கள். குரல் விழும் இடத்தில் கால் பதிந்தது. கால் பதிந்த இடத்தில் கயிறு ஒரு முழம் கரைக்கு வந்தது. மீனவர் இதை அம்பா பாட்டு என்பார்கள். நாலைந்து சுற்று ஆனபின் பாட்டி திரும்பிப் பார்த்தார். பேரன் மணலில் குதிகால் ஊன்றி, இல்லாத கயிற்றை இழுத்தபடி உரத்துப் பாடிக்கொண்டிருந்தான்!

வலை கரையேறியதும் பாட்டி அந்த முதியவரிடம், "பெரியவரே, இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்.

"கத்துக்கிட்டது ஏதும்மா? எங்கப்பா வலை இழுக்கையில கேட்டது. அவ்வளவுதான்" என்றார் அவர்.

கேட்டது, அவ்வளவுதான். பஜனை மடத்தில் ஒருவர் நாமம் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடுவதும், ஓதுவார் ஓர் அடி பாடப் பிள்ளைகள் பின்தொடர்வதும் இதே முறைதான். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் சரளி வரிசையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. அதற்கு மாயாமாளவகௌளை ராகம் வாய்த்ததில் ஒரு நுட்பம் உண்டு. ஸ ரி க ம என்ற நான்கு சுரங்களின் இடைவெளி எப்படியோ, ப த நி ஸ என்ற நான்கிலும் அப்படியே. முதல் பாதி காதில் பதிந்த குழந்தைக்கு மறுபாதி பாதி தெரிந்ததுதான். காதில் பதியுமுன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவதால்தான் வயிற்றுவலி வருகிறது.

சீர்காழியில் மூன்று வயதில் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பெருமான் அடுத்துச் சென்ற தலம் திருக்கோலக்கா. கையால் தாளமிட்டுப் பாடிய அந்தப் பிஞ்சுக் கைகள் நோகுமே என்று ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளத்தை இறைவன் அருளியதைப் பெரியபுராணம் சொல்கிறது. பொன்னில் நாதம் எழாது. அதற்கு ஓசை தந்தவள் அம்பிகை என்பது தலவரலாறு. ஓசை கொடுத்த நாயகி என்பதே அவள் திருநாமம். பேச்சு வராத குழந்தைகளை இன்றும் அந்தச் சந்நிதிக்கு அழைத்துச் செல்கிறார்கள். பாடு என்று அந்தக் குழந்தையை யாரும் வற்புறுத்தவில்லை. கை நோகிறதே என்றுதான் இறைவன் கவலைப்பட்டான்.

பழவேற்காட்டிலிருந்து சென்னை திரும்பும் வழியில் மீஞ்சூரைத் தாண்டினால் மணலி. இன்று தொழிற்சாலைகளின் ஊர். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை முத்துகிருஷ்ண முதலியார் இங்கேதான் ஆதரித்தார். இளம் தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டையில் கேட்ட ஐரோப்பிய பாண்டு வாத்திய மெட்டுகள் அவர் காதிலேயே தங்கிவிட்டன. அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்தச் சிறு பாடல்கள் ஏறத்தாழ 40. இன்று சிறு பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படுபவற்றில் அவையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'டுவிங்கிள் டுவிங்கிள்' பாடும் குழந்தை அதே மெட்டில் 'ச்யாமளே மீனாக்ஷி' பாடலாம்.

இவையெல்லாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு. குப்பத்துப் பிள்ளைகளுக்கு? மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தேவாரம், நாதஸ்வரம், தவில் கற்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் 12 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குமுன் உள்ள பருவம், காது மலரும் பருவம், வெறுமனே கழிகிறது. 2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்கள் நடுவே கர்நாடக இசைக் கச்சேரி நடந்தது; நல்ல காரியம். எனினும் கச்சேரி ஒரு மாலையில் முடிந்துவிடும், பாடம் அப்படியன்று.

அன்று குப்பத்தில் பாட்டி காரில் ஏறும்போது முதியவரின் பேத்தி, ஏழு வயதிருக்கும், ஓடிவந்து கேட்டாள்: "ஆயா, உங்க பையன் கிளாஸ்ல என்ன பாட்டு சொல்லித் தர்றாங்க? எனக்கும் சொல்லுங்களேன்." பாட்டி அங்கேயே நின்று ஸ-ப-ஸ பாடிக் காட்டினார். அவள் பிசகாமல் திருப்பிப் பாடினாள். "மறுபடியும் வருவீங்களா?" என்றாள். அதற்குப் பாட்டியிடம் பதில் இல்லை.

மறுநாளே வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். மகனுக்கு வருத்தம்தான். "இரண்டு வருஷம் என்னோடு பாடட்டும்டா, அப்புறம் சேர்க்கலாம்" என்றார். மாலை விளக்கேற்றியதும் அவர் ஒரு வரி பாடுவார், பேரன் கேட்பான், இஷ்டமிருந்தால் பாடுவான். கார்த்திகை முடிவதற்குள் வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

தை மாதம் பாட்டியும் பேரனும் மீண்டும் லைட்ஹவுஸ் குப்பம் போனார்கள். பையில் ஒரு ஜோடி ஜால்ராவும், தூக்கில் சுண்டலும். அம்மன் கோயில் வாசலில் ஐந்தாறு பிள்ளைகள் கூடினார்கள், சுண்டலுக்காகத்தான். ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இருமுறை தட்டும் வீச்சும். இரண்டாம் சுற்றில் தாளம் தப்பியது பேரனுக்கு. பெரியவரின் பேத்தி அவன் கையைப் பிடித்து, "இல்லடா, இப்போ சுண்டு விரல்" என்று திருத்தினாள்.