அம்மாவின் பாதம்

என் அம்மாவின் இடது காலில் பெருவிரல் இல்லை. என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "இனிப்பு நீர்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நம் வீடுகளில் அது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்னும் நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆனால் அம்மாவின் விரல் போனதற்கு நோய் மட்டும் காரணமில்லை. நானும் காரணம்.

அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே ஈரப்புல்லில் நடந்து நடந்து காய்த்த பாதம். கிள்ளானுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் வெடிப்புகள் போகவில்லை. தோட்டத்துக் கால் அப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்படி இல்லை என்று அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்த ஒரு மிஸ்ஸி எனக்குக் காட்டினார். அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, அது லேசாக வளையும்வரை பாதத்தில் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். 10 கிராம் அழுத்தம்தான். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தார். இழை பெருவிரலின் அடியைத் தொட்டது, உள்ளங்காலைத் தொட்டது, குதிகாலைத் தொட்டது. "ஆரம்பிக்கலியாம்மா?" என்று கேட்டார் அம்மா.

இனிப்பு நீர் நாள்பட்டால் பாதத்து நரம்புகள் கெடக்கூடும். வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புகள் மட்டுமல்ல, வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்புகளும் கெடும். வியர்க்காத பாதம் வறண்டு, தடித்து, வெடிக்கும். வெடித்தது வலிக்காது. கிருமி உள்ளே போக அந்த வழி போதும். மிஸ்ஸி இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ராத்திரி கால் கழுவித் துடைத்ததும் கிரீம் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் புண்ணாகும், தினமும் அடிப்பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், அம்மாவால் குனிந்து பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளை டப்பாவில் கிரீமும் கொடுத்தார்.

சில நாள் தடவினேன். பிறகு நிறுத்திவிட்டேன். வேலைக் களைப்பு என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய்த் திரும்பினால் களைப்பு இருக்கும்தான். ஆனால் அதே களைப்போடு என் முகத்துக்கு நேரம் ஒதுக்கினேன். நாள் முழுக்க ஏர்கோனில் உட்கார்ந்து என் கன்னம் வறண்டு இழுத்தது. குளிர்காலமே இல்லாத ஊரில் நாங்கள் அலுவலகத்துக்குள் குளிர்காலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி விலை உயர்ந்த கிரீம்களை வாங்கினேன். குளித்த ஈரம் காயும் முன்பே தடவினால்தான் தோல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்து அறையில் அம்மாவின் டப்பா மூடியபடியே இருந்தது. அந்த அறைக்கு ஏர்கோன் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். காற்றின் ஈரத்தை அது ராத்திரி முழுக்க உறிஞ்சியது. என் கன்னத்தை வறள வைத்த குளிர் அம்மாவின் காலை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

உண்மையான காரணம் அருவருப்பு. தடித்த தோல், கறுத்த நகம், வெடிப்புகளில் ஒட்டியிருந்த அழுக்கு. எனக்குத் தொடப் பிடிக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தக் காலில்தான் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன். அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை. அம்மாவுக்கு அது புரிந்திருக்கும். "நீ போய் படும்மா, நானே தேச்சுக்கிறேன்" என்பார். முட்டி மடங்காதவர் எப்படித் தேய்ப்பார்? தெரிந்துகொண்டே படுக்கப் போனேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்காலில் ஏறினார். வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று மிஸ்ஸி சொன்னது எனக்கு நினைவிருந்தது. முருகனிடம் போகிறவரைத் தடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். அதற்காக இப்போதும் வருந்தவில்லை. வீடு திரும்பியதும் காலைக் கழுவிப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. மறுநாள் கூடத்துத் தரையில், அம்மா நடந்த இடத்தில், சின்னச் சின்னதாய் ரத்தப் பொட்டுகள் இருந்தன. துணியை நனைத்துத் துடைத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அறையில் வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில், பால்மரத்தில் கத்தி போட்ட கோடு மாதிரி ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிச் சதை கறுத்திருந்தது. மருத்துவமனையில் விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

"தினமும் காலைப் பார்த்தீர்களா?" என்று அவர் கேட்டார். "பார்த்தோம் டாக்டர்" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம், "பொண்ணு மேல தப்பில்ல ஐயா, நான்தான் காட்டாம மறைச்சிட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது தினமும் தடவுகிறேன். வெதுவெதுப்பான நீரை முதலில் என் முழங்கையில் ஊற்றிப் பார்க்கிறேன், ஏனென்றால் சூடு அம்மாவின் காலுக்குத் தெரியாது. ஊற வைப்பதில்லை, ஊறினால் தோல் இன்னும் வறளும். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றுகிறேன். தடித்த இடங்களுக்கு யூரியா கலந்த கிரீம், மற்ற இடங்களுக்கு வாசலின். பிளேடு வைத்துச் சுரண்டுவதில்லை. மொத்தமும் கால் மணி நேரம் ஆகாது. இந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் கொடுக்காமல் இருந்தேன்.

பினாங்கில் இருக்கும் அண்ணன் இன்றுவரை அம்மா சொன்னதையே நம்பிக்கொண்டிருக்கிறார். போன் பண்ணும்போதெல்லாம் "ஏம்மா மறைச்சீங்க?" என்று கடிந்துகொள்கிறார். "ஆமாய்யா, என் தப்புதான்" என்கிறார் அம்மா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணே, அம்மா எதையும் மறைக்கவில்லை. கிளினிக்கில் சொன்னதெல்லாம் என்னிடம்தான் சொன்னார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் நான்தான், துடைத்ததும் நான்தான். இனிமேல் அம்மாவைத் திட்டாதீங்க.