திரை தேர்ந்த வரலாறு

கம்ப்யூட்டரில் விளையாடுதல் காலத்தை வீணாக்கும் செயல் என்பார் பலர். அவரோடு வழக்காடுதல் ஈண்டு நமது நோக்கமன்று. விளையாடுவதென்று துணிந்தபின், அதற்கேற்ற எல்.சி.டி. மானிட்டரைத் தேர்ந்தெடுப்பதில் எத்துணை நுட்பங்கள் அடங்கியுள்ளன என்பதையும், 2023-ஆம் ஆண்டில் நாம் அவற்றை எங்ஙனம் சீர்தூக்கினோம் என்பதையுமே கூறப் புகுந்தோம்.

பத்து மாதகாலம் மாலைதோறும் அயல்வீட்டுச் சிறார்க்குக் கணிதம் கற்பித்துச் சேர்த்த ரூபாய் 12,000 நம் கையிலிருந்தது. பொருந்தாத திரையொன்று வீடு வந்து சேருமாயின், மற்றொன்றுக்கு இன்னும் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். அன்றியும், அத்திரை நமக்கு மட்டும் உரியதன்று. நம் தம்பிக்கும் அதிற் பங்குண்டு. அவன் துப்பாக்கிப் போர் ஆட்டங்களில் வேட்கையுடையவன். நாமோ, காடும் மலையும் இரவுமாகக் கதை தொடர்ந்து செல்லும் ஆட்டங்களை விரும்புவோம். அவன் வேண்டியது விரைவு. நாம் வேண்டியது வண்ணம்.

அதுகாறும் வீட்டிலிருந்தது உறவினர் ஒருவர் கழித்துக் கொடுத்த பழைய மானிட்டர். நாற்காலியிலிருந்து நோக்குவார்க்கு அது குறையற்றதாகவே தோன்றும். பாயில் அமர்ந்து அண்ணாந்து நோக்குவார்க்கோ, முகங்கள் கருகியும் நிழல்கள் வெளுத்தும், போட்டோ நெகடிவ் போலக் காட்சியளிக்கும். வீட்டில் நாற்காலி ஒன்றே. ஒருவர் ஆட, மற்றவர் பாயிலிருந்து பார்ப்பது நம் வழக்கம். ஆகவே பார்ப்பவர் எந்நாளும் பாதி ஆட்டத்தையே கண்டார்.

இதன் காரணம் திரவப் பளிங்கின் இயல்பிலேயே உள்ளது. 1888-இல் பிரீட்ரிக் ரைநிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவர நூற் புலவர், கேரட் கிழங்கினின்று பெற்றதொரு பொருள் 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கல் நீராகவும், 178.5 பாகையில் தெளிந்த நீராகவும் மாறுதலைக் கண்டு வியந்தார். நீர்போல் ஓடியும் பளிங்குபோல் அணிவகுத்தும் நிற்கும் அத்தகைய பொருள்களே நம் திரையினுள் உள்ளன. பின்னின்று வரும் ஒளியை, மின்சாரத்தால் திரும்பும் அவற்றின் நுண்கூறுகள் மறைத்தும் விடுத்தும் படமாக்குகின்றன. டி.என். என்னும் பழைய வகையில் அவை கண்ணாடியினின்று சாய்ந்தெழுவதால், மேலிருந்து காண்பதும் கீழிருந்து காண்பதும் ஒன்றாவதில்லை. ஐ.பி.எஸ். வகையில் திரையின் தளத்திலேயே சுழல்வதால், எப்பக்கம் நோக்கினும் வண்ணம் பெரிதும் திரிவதில்லை. வி.ஏ. வகையில் மின்சாரம் பாயாதபோது கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று ஒளியை நன்கு தடுத்தலால் கருமை ஆழ்ந்து தோன்றும். ஐ.பி.எஸ். திரையில் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1000-க்கு 1 எனின், இதில் 3000-க்கு 1 எனலாம். ஆயினும் இருண்ட நிறங்கள் ஒன்றினின்று ஒன்றாக மாறுதலில் இவ்வகைத் திரைகள் பல தாமதிக்கும். ஓடும் உருவத்தின் பின்னே மைக்கறை இழுத்தாற்போற் காணும். தம்பிக்கு அஃது ஆகாது.

இவ்வளவும் படித்தறிந்த பின்னரே சென்னை அண்ணாசாலையை அடுத்த ரிச்சி தெருவுக்கு நாமிருவரும் சென்றோம். ஒரு கடையில் எப்பெட்டியை நோக்கினும் “1 மில்லிசெகண்ட்” என்றே பொறித்திருந்தது. அஃது ஒரு சாம்பல் நிறம் மற்றொரு சாம்பல் நிறமாக மாறும் காலத்தை, மிகவும் சாதகமான நிலையில் அளந்து கூறுவது. அவ்வேகத்தைப் பெறத் திரையை மிகையாக முடுக்கினால், நகரும் பொருளின் பின்னே வெண்ணிழல் படர்தலும் உண்டு. நாம் அதனினும் மதித்தது வேறோர் எண்ணை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144 முறை புதுப்பிப்பதில் 6.9 மில்லிசெகண்டே நிற்கும். எதிரி தலைகாட்டும் கணத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

கடைக்காரர் 27 அங்குல வளைந்த வி.ஏ. திரையொன்றைக் காட்டி, “தம்பி, அதே விலைக்கு இவ்வளவு பெரிது கிடைக்கிறதே!” என்றார். பெரிதுதான்; ஆனால் 24 அங்குலத் திரையில் உள்ள அதே 1920-க்கு 1080 புள்ளிகளே அதிலும் இருந்தன. துணியை இழுத்தால் இழை கூடுமோ? 2560-க்கு 1440 புள்ளிகள் கொண்டதை வாங்கலாமெனின், 20,73,600 புள்ளிகளை வரைதற்கே மூச்சு வாங்கும் நம் பழைய கிராபிக்ஸ் கார்டு 36,86,400-ஐ எங்ஙனம் வரையும்? மேலும் அக்கார்டு ஒருகால் நொடிக்கு 70 படமும் ஒருகால் 110 படமும் வரைவது. அதன் நடைக்கேற்பத் திரையும் நடவாவிடின் படம் குறுக்கே கிழிந்தாற்போல் தோன்றும். ஆதலின் 2015-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் வெளிக்கொணர்ந்த பிரீசிங்க் என்னும் ஏற்பாடு உள்ளதா என்றும் வினவினோம்.

பின்னர் 24 அங்குல ஐ.பி.எஸ். திரையொன்றை ஏற்றிக் காட்டச் சொன்னோம். படம் தோன்றியதும் தம்பி யாதும் உரையாமல் கடைத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அண்ணாந்து நோக்கினான். வந்திருந்தோர் சிலர் நகைத்தனர். அவன் எழவில்லை. இடப்புறமும் வலப்புறமும் நகர்ந்து பார்த்து, “அண்ணா, இங்கிருந்தும் முகம் முகமாகவே தெரிகிறது” என்றான். வெண்மை, கருமை, செம்மை, பசுமை, நீலம் ஆகிய ஐந்து நிறங்களையும் திரைமுழுதும் நிரப்பச் செய்து, இறந்த புள்ளி ஒன்றேனும் உண்டோ என ஆராய்ந்து, ரூபாய் 11,400 எண்ணிக் கொடுத்தோம்.

வீட்டில் இணைத்தவுடன், விண்டோஸ் அமைப்பில் 60 என்றிருந்ததை 144 என மாற்றினோம். இதனைச் செய்யாது மாதக்கணக்கில் பழைய வேகத்திலேயே ஆடுவார் உளர். இழப்பும் இல்லாமற் போகவில்லை. நாம் விரும்பும் நள்ளிரவுக் காடு அத்திரையில் முற்றும் கருமையாவதில்லை; மூலைகளில் சாம்பற் பூத்தாற்போல் மங்கிய ஒளி கசிகின்றது. அறைவிளக்கை அணைத்தால் அது மிகும். ஆகவே எஞ்சிய பணத்தில் ஒரு சிறு விளக்கு வாங்கித் திரைக்குப் பின்னே சுவரோரம் வைத்திருக்கின்றோம்.