நாலு வருஷம்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மலை தெரியும். சாயங்காலம் பெரியம்மா அங்கேதான் இருப்பார். அவர் கணவர் 1978இல் வேலை தேடி பம்பாய் போனார். ரெண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு அப்போது 22 வயது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதற்கு, "உசுரோட இருக்காரான்னு தெரியாம இன்னொரு நிக்காஹ் எப்படிம்மா? சட்டத்த மாத்த முடியுமா? சபூர் பண்ணு" என்றார்களாம். பண்ணினார், இன்றுவரை.

2017இல் ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கை 3-2 என்ற தீர்ப்பில் ரத்து செய்தபோது, டிவி விவாதங்களில் ஒரு தரப்பு ஷரீஅத் மாறவே மாறாது என்றது. இன்னொரு தரப்பு, அது தானாக மாறாது, வெளியிலிருந்துதான் மாற்ற வேண்டும் என்றது. அப்படியா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இமாம் ஷாஃபி இராக்கில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போனபின் மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் அவருடைய மத்ஹபே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

அடுத்துப் படித்தது பெரியம்மாவின் விஷயம். காணாமல் போனவரின் வயதுக்காரர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலைப்பாடு. மாலிகி மத்ஹபில் நாலு வருடம். பஞ்சாபில் சில பெண்கள் கணவனிடமிருந்து விடுபட வேறு வழியில்லாமல் மதத்தையே விட்டார்கள். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா வாங்கி, 1931இல் அந்த நாலு வருடத்தை ஹனஃபிகளுக்கும் பரிந்துரைத்தார். அவரைச் சீர்திருத்தவாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கறாரான ஹனஃபி. 1939இல் அது முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் வந்துவிட்டது.

என் வேலையில் பழைய கோடைத் தொடப் பயப்படுவது பெரும்பாலும் அதைப் படிக்காதவர்கள்தான். எது எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவர், எந்த வரியை மாற்றலாம் என்றும் தெரிந்தவர். தானவிக்கு அது தெரிந்திருந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"முப்பத்தொம்பதா? எங்கம்மாவுக்கே அப்ப ரெண்டு வயசுடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு வருஷம்னா எனக்கு இருபத்தாறுதான ஆயிருக்கும்" என்றார்.

பிறகு கேட்டார்: "அவங்களுக்கு இது தெரியாதாடா?"

"தெரிஞ்சிருக்காது பெரிம்மா."

அப்படித்தான் சொன்னேன். தெரிந்தே சும்மா இருந்தார்களா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.