பதினாலரை அங்குலம்

ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு காரின் மேல் கூட்டைக் கழற்றிவிட்டு, அடித்தளத்தை நடுவில் அறுத்து, பதினாலரை அங்குல இரும்பை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வெல்டிங் வைத்தால் என்ன ஆகும்? நம்ம ஊர் மெக்கானிக்கிடம் கேட்டால் "கார் போச்சு" என்பார். அமெரிக்காவில் 1960-களில் கேட்டிருந்தால் "மணல் வண்டி ரெடி" என்று பதில் வந்திருக்கும்.

மணல் வண்டி என்றால் டியூன் பக்கி. கதவு கிடையாது, கூரை கிடையாது, நாலு தடித்த சக்கரம், பின்னால் வெளியே தெரிகிற எஞ்சின். பழைய ஆங்கிலப் படங்களில் கடற்கரை மணல்மேட்டில் தாவிக் குதித்து ஓடுமே, அதேதான். 1968-ல் வந்த 'தி தாமஸ் கிரவுன் அஃபேர்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டியது இந்த ஜாதிதான். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு ஹாக்ஸா பிளேடு, ஒரு வெல்டிங் ராடு, ஒரு வியாபாரத் தோல்வி எல்லாம் இருக்கிறது.

கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர். 1926-ல் பிறந்தவர். கடல் அலைச் சறுக்கு, ஓவியம், படகு கட்டுவது என்று பல வேலை தெரிந்தவர். அவர் காலத்தில் பிஸ்மோ கடற்கரை மணல்மேடுகளில் ஓடிய வண்டிகள் எல்லாம் பெரிய எஞ்சின் வைத்த பாரமான இரும்புக் குவியல்கள். மணலில் கனமான வண்டி போனால் என்ன ஆகும் என்று மெரினாவில் வண்டி சிக்கித் தள்ளியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேயர்ஸ் கண்ணில் பட்டது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். எஞ்சின் பின்பக்கம், அதாவது பாரம் முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேலே. காற்றால் குளிர்கிற எஞ்சின், அதனால் ரேடியேட்டர் இல்லை, வெயிலில் தண்ணீர் கொதிக்கிற தொல்லை இல்லை. விபத்தில் மேல்பாகம் நசுங்கி, எஞ்சின் நன்றாக இருக்கும் பீட்டில்கள் காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தன.

1964-ல் முதல் வண்டியை முடித்தார். 'ஓல்ட் ரெட்' என்று பெயர். இதில் ஒரு விசேஷம், அந்த முதல் வண்டியில் பீட்டிலின் அடித்தளமே கிடையாது. படகு கட்டிய கை அல்லவா, படகு மாதிரியே ஃபைபர் கிளாஸில் ஒரே கூடாக வார்த்து, உள்ளே இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினையும் சக்கரங்களையும் மட்டும் பீட்டிலில் இருந்து எடுத்து மாட்டிவிட்டார். வேலை சுத்தம். ஆனால் அடக்க விலை? ஒரு கிட் 985 டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த விலைக்கு விற்றும் லாபம் நிற்கவில்லை. மொத்தம் 12 கிட் செய்ததோடு அந்த வடிவத்தை மூட்டை கட்டினார்.

அப்போதுதான் வெட்டுகிற யோசனை வருகிறது. காயலான் கடை பீட்டிலோடு அதன் அடித்தளமும் சும்மாதானே வருகிறது, அதையே பயன்படுத்தினால் என்ன? தனியாக இரும்புச் சட்டம் வேண்டாம். ஃபைபர் கூட்டை மட்டும் விற்றால் போதும். ஒரே சிக்கல், பீட்டிலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 94.5 அங்குலம். மேயர்ஸின் வண்டிக்கு வேண்டியது 80 அங்குலம். ஆக, 14.5 அங்குலத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுகிற வேலை யாருடையது? வாங்குகிறவருடையது! செலவில் ஒரு பெரிய பங்கை வாடிக்கையாளர் வீட்டு கார் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார் மனிதர். விலை வெகுவாக இறங்கியது. பெயரும் பொருத்தமாக வைத்தார்: மேயர்ஸ் மாங்ஸ். மாங்ஸ் என்பது ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கும் வால் இல்லாத பூனை இனம். வாலை நறுக்கிய வண்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

ஏன் குட்டையாக்க வேண்டும் என்று கேட்கலாம். மணல்மேட்டின் உச்சியில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது நீளமான வண்டியாக இருந்தால் நடு வயிறு மேட்டில் தட்டி உட்கார்ந்துவிடும். சக்கரங்கள் நெருங்கி இருந்தால் தாண்டிவிடும். திரும்புகிற வட்டமும் சின்னதாகும். எடையும் குறையும். இதற்கு விலை இல்லாமல் இல்லை: வேகத்தில் நேராகப் போகிற நிதானம் குறையும், வண்டி சட்டென்று சுழன்றுவிடும்.

சரி, பட்டறைக்குள் போகலாம்.

பீட்டிலின் அடித்தளம் லாரி சேஸிஸ் மாதிரி இரண்டு பக்கம் நீளச் சட்டம் வைத்தது இல்லை. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு தகர டனல். அதன் இரண்டு பக்கமும் தட்டையான தகரத் தளம். பின்னால் குறுக்கே ஒரு கனமான குழாய், அதற்குள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள். அதற்கும் பின்னால் கவட்டை மாதிரி பிரிந்து கியர்பாக்ஸைத் தாங்கும் இரண்டு கைகள். வெட்டுவது அந்தக் குறுக்குக் குழாய்க்கு முன்னால், கிட்டத்தட்ட பின் சீட்காரர் கால் வைக்கும் இடத்தில்.

முதல் எதிரி துரு. பீட்டிலில் பேட்டரி இருப்பது பின் சீட்டுக்கு அடியில், வலது பக்கம். வருடக்கணக்கில் ஆசிட் கசிந்து அந்த மூலைத் தகரம் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அப்பளத்தில் வெல்டிங் பிடிக்காது. நல்ல தகரம் தெரிகிறவரை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி நெருப்பு. டனல் வெறும் கூடு இல்லை. அதற்குள்தான் பெட்ரோல் குழாய், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் ராடு எல்லாம் ஓடுகின்றன. டேங்கைக் கழற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. குழாயில் மிச்சம் இருக்கும் சொட்டுப் பெட்ரோலும் அதன் ஆவியும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பல வருட கிரீஸ் வேறு. தளத்தில் ஒட்டியிருக்கும் தார்ப் பூச்சும் தீப்பிடிக்கும். குழாயை உருவி, டனலைக் கழுவி, தாரைச் சுரண்டிவிட்டுத்தான் வெல்டிங் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: நேர். பீட்டிலில் மேல் கூடும் தளமும் போல்ட் போட்டு ஒன்றையொன்று விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டைக் கழற்றியதும் தளம் தனியாக வளைந்து கொடுக்கும். அந்த நிலையில் அப்படியே அறுத்தால் இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். அதனால் தளத்தைச் சமமான இடத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, நடுக்கோடு போட்டு, வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் பஞ்சால் புள்ளி வைத்துக்கொள்வார்கள். வெட்டிச் சேர்த்த பிறகு நேரான ஆங்கிள் இரும்பு வைத்து இறுக்கி, மூலைக்கு மூலை அளப்பார்கள். இடது முன் மூலையில் இருந்து வலது பின் மூலை; வலது முன்னில் இருந்து இடது பின். இரண்டும் ஒரே அளவு என்றால் நேர். வித்தியாசம் இருந்தால்? வண்டி நண்டு மாதிரி ஓரமாக நடக்கும். கடற்கரைக்குப் பொருத்தம்தான், ஆனால் ஓட்ட முடியாது :-)

வெல்டிங்கிலும் அவசரம் ஆகாது. தளத் தகரம் மெல்லியது. கொஞ்சம் நேரம் கூடினால் ஓட்டை விழும். ஒரே மூச்சில் இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை இழுத்தால், சூட்டில் விரிந்த தகரம் ஆறும்போது சுருங்கி, சிரமப்பட்டு வைத்த நேரையும் கோணலாக்கிவிடும். எனவே முதலில் பொட்டு வைத்த மாதிரி அங்கங்கே டாக். மறுபடியும் அளவு. பிறகு இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி. டனல் வெட்டும் தள வெட்டும் ஒரே கோட்டில் வராமல் படி மாதிரி தள்ளி வெட்டுகிறவர்களும் உண்டு. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் மடங்குவதற்கு வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா.

தகரம் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கியர் ராடும் பதினாலரை அங்குலம் குறைய வேண்டும். அதை அறுப்பதற்கு முன் ராடின் நீளவாக்கில் ஒரு கோடு கீறிவிட வேண்டும். கோட்டுக்குக் கோடு பொருத்தி வெல்டிங் வைக்காமல் கொஞ்சம் திருகிவிட்டால், மேலே லீவரை எங்கே தள்ளினாலும் கியர் சரியாக விழாது. கிளட்ச் கேபிள் போகும் சின்னக் குழாயின் இரண்டு முனையும் டனலுக்குள்ளே நேருக்கு நேர் சேர வேண்டும். அங்கே ஒரு பிசிறு இருந்தால் கேபிள் ஒவ்வொரு முறையும் உரசி, ஒருநாள் அறுந்து நடுவழியில் நிறுத்தும். ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கதை.

இவ்வளவையும் செய்தவர்கள் பலர் தொழில்முறை வெல்டர்கள் இல்லை. வார இறுதியில் வீட்டு ஷெட்டில் புத்தகத்தைப் பார்த்து ஒட்டியவர்கள். மணலில் தாவி விழும்போது ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் அடியில் இருப்பது அந்த ஒரு வரி ஒட்டுதான். மேலே ஃபைபர் கூடு காப்பாற்றாது. சரியாக ஊறாத வெல்டிங் வெளியே பார்க்க அழகாகவே இருக்கும், கிரைண்டர் போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். செய்தவரின் மனசாட்சி மட்டும்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை. (நம் நாட்டில் முயற்சி செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு: 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சாலைக்கு எடுத்து வர முடியாது.)

இனி வியாபாரக் கதை. 1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் ஓல்ட் ரெட்டை எடுத்துக்கொண்டு மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் லா பாஸில் இருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை விட ஐந்து மணி நேரம் குறைவு! அதே வருடம் நவம்பரில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்திலும் மாங்ஸ் வண்டிதான் முதலிடம். ஆர்டர்கள் வந்து குவிந்தன.

கூடவே நகல்களும். இங்கேதான் வேடிக்கை. முதல் வண்டியை நகலெடுக்க படகு கட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வண்டிக்கு அது தேவையில்லை. ஒரு கூட்டை வாங்கி அதன் மேலேயே அச்சு எடுத்தால் போதும். கஷ்டமான பாகம் எல்லாம் காயலான் கடையிலும் வாடிக்கையாளர் ஷெட்டிலும் இருக்கிறதே! மேயர்ஸ் காப்புரிமை வைத்திருந்தார், வழக்கும் போட்டார். காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. சுமார் 6,000 கிட் விற்ற அவருடைய பி.எஃப். மேயர்ஸ் கம்பெனி 1971-ல் மூடப்பட்டது. உலகம் முழுக்க ஓடிய நகல்களோ லட்சக்கணக்கில்.

எதனால் விற்றதோ அதனாலேயே போனது. எல்லோரும் வாங்கும்படி எளிதாக்கினார். எல்லோரும் செய்யும்படியும் எளிதாகிவிட்டது. பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்த்தால் மேயர்ஸுக்கு நஷ்டக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் வராத வரவு ஒன்று உண்டு. எத்தனையோ ஷெட்களில் அப்பாவும் பிள்ளையும் அளவு நாடாவின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை அளந்திருப்பார்கள். அதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

பல வருடம் கழித்து, 2000-ல் மேயர்ஸ் மறுபடியும் கடை திறந்தார். பிறகு அவர் வடிவமைத்த 'மாங்ஸ்டர் 2+2' பீட்டிலின் முழு நீளத் தளத்தின் மேலேயே உட்காரும். வெட்டவே வேண்டாம். ஓல்ட் ரெட் 2014-ல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பிடித்தது. 2020-ல் கம்பெனியை வேறு கைக்கு விற்ற மேயர்ஸ் 2021 பிப்ரவரியில், 94-வது வயதில் இறந்துபோனார். புதிய முதலாளிகள் 2022-ல் மின்சார மாங்ஸ் ஒன்றை அறிவித்தார்கள். அதில் சேஸிஸ் தனியாக இல்லை, எல்லாம் ஒரே கூடு. 985 டாலருக்கு விற்று லாபம் பார்க்க முடியாத அந்த முதல் யோசனை, சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டது.

ஷெட்டுகளில் ஒட்டிய அந்தப் பழைய வண்டிகள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்க வருகிற விவரமானவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. நேராகக் கீழே குனிந்து, பின் குழாய்க்கு முன்னால் அந்த ஒட்டு வரியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.