கடிகாரத்தின் நிறம்

காரின் முன்பலகைக் கடிகாரம் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பது விளையாட்டுப் பேச்சாகவே பலருக்கும் தோன்றும். நம் இல்லத்திலும் அது அவ்வாறே தொடங்கிற்று. பழைய காரின் கடிகாரப் பல்பு அணைந்துபோயிருந்தது. "நீலமாகப் போட்டுவிடலாம் அத்தா, பார்வைக்கு அழகாயிருக்கும்" என்றான் மகன். அழகை நாம் வெறுப்பவரல்லர். ஆயினும் செஞ்சியில் வாழ்ந்து, இரவில் கார் ஓட்டுகிறவருக்கு வேறொரு கவலையும் உண்டு.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை நம் ஊரின் கோட்டைக் குன்றுகளுக்கிடையே செல்கிறது. அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர்க் கோயிலுக்குச் சகோதர சமயத்தார் திரள் திரளாக வருவர். நிலவற்ற அவ்விரவில், தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலையோரமாய் நடக்கும் தாய்மாரை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அவர்களின் சேலை கறுப்பாயிருந்தால் மிக அருகில் வந்த பிறகே தெரியும். நமக்கோ வலக்கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காண்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கூரிய ஒளியைப் பார்த்த கண், உடனே இருண்ட இடத்திலுள்ளதைக் காணமாட்டாது என்பதையும் தமது கிதாபுல் மனாழிரில் அப்பெருமகனார் எடுத்துக்காட்டினார். காரணத்தைப் பிற்காலத்தார் கண்டனர். விழித்திரையில் இருளில் பார்ப்பதற்கென்றே கோல் வடிவ உயிரணுக்கள் உள்ளன. அவை ஏறத்தாழ 507 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியை மிகுதியாக உணரும். சிவப்பை அரிதாகவே உணரும். ஒளியில் சோர்ந்துவிட்டால் அவை முழுவதும் தேற அரைமணி நேரம்கூட ஆகும். காரின் முகப்பு விளக்கு எரிகையில் கண் முழு இருளுக்குப் பழகுவதில்லை என்பது மெய்யே. அதனால் நிறத்தைவிட மங்கலே முதன்மை என்பது நம் துணிபு. இரண்டும் சேர்ந்தால் நலம். நீல எண்கள் முதிய கண்ணில் சிதறிப் பூத்து நிற்கும். சிவப்போ, வெள்ளெழுத்து வந்தவருக்கு அருகில் கூர்ந்து படிக்கச் சற்றுக் கடினம். ஆகவே ஆரஞ்சைத் தேர்ந்தோம். ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கார்கள் பல்லாண்டுகள் அந்நிறத்தையே முன்பலகையில் வைத்திருந்தன.

மாற்றுவது பெரிய வித்தையன்று. நம் கடிகாரத்தில் எண்களுக்குப் பின்னால் சிறு பல்பு ஒன்று பச்சை ரப்பர் உறை அணிந்திருந்தது. உறையைக் கழற்றாமல் ஆரஞ்சு எல்.இ.டி. வைத்தால், ஒளியில் பெரும்பகுதியை உறையே விழுங்கிவிடும். எல்.இ.டி.க்குத் திசையும் உண்டு. மாற்றிச் செருகினால் எரியாது. முதல் முறை அப்படித்தான் எரியவில்லை. எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே திருப்பிச் செருகினார். வேறு சில கார்களில் எண்களே நீலப்பச்சையாக ஒளிரும். அங்கே பல்பு இல்லை, துத்தநாக ஆக்சைடுப் பூச்சின் ஒளி அது. அவற்றுக்கு மேலே நிறத்தாள் ஒட்டுவதே எளிய வழி.

"கிழவர் கார் போலிருக்கிறது" என்று மகன் முணுமுணுத்தான். கிழவரின் கார்தானே! பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்ததால் கடிகாரம் நேரத்தை மறந்திருந்தது. அவனே கைபேசியைப் பார்த்துத் திருத்தி வைத்தான். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.